வாசகர் கேள்விகள்: இந்த ஜாடி இங்கே எப்படி வந்தது?

கொரியக் கலைப்பொருள் கண்காட்சிகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். சியோலுக்குக் கிளம்புகிறவர்கள், போய்விட்டு வந்தவர்கள், நாடகம் பார்த்து ஆர்வம் வந்தவர்கள் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

சியோலில் உள்ள கொரியத் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். மேல் மாடியில் அறை அறையாக ஜாடிகள். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அதில் அப்படி என்ன இருக்கிறது?

எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் யாருக்கும் பத்து நிமிடத்தில் அலுத்துப்போகும். அடுத்த முறை இரண்டே இரண்டு வகையை மட்டும் தேடிப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் கொடுங்கள்.

ஒன்று, கோர்யோ காலத்துச் செலடன் என்கிற பச்சை மெருகுப் பீங்கான். கோர்யோ அரசு 918 முதல் 1392 வரை இருந்தது, இந்தக் கலை உச்சம் தொட்டது 12-ஆம் நூற்றாண்டில். மெருகிலும் மண்ணிலும் சிறிதளவு இரும்பு இருக்கும். சூளை நல்ல சூட்டில் இருக்கும்போது உள்ளே போகிற காற்றைக் குறைத்துவிடுவார்கள், அந்த மூச்சுமுட்டலில்தான் இரும்பு பழுப்பாகாமல் அந்த நீலம் கலந்த பச்சையாக மாறும். கொஞ்சம் கூடுதலாகக் காற்று போனால் மஞ்சளாகிவிடும். இவ்வளவையும் வெப்பமானி இல்லாமல், நெருப்பின் நிறத்தைப் பார்த்தே செய்தார்கள். செலடன் சீனாவிலிருந்து கற்ற கலைதான். ஆனால் 1123-இல் சீன சோங் அரசவையின் தூதுக்குழுவில் வந்த ஷூ ஜிங், தன் பயணக் குறிப்பில் கோர்யோ செலடனின் நிறத்தைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டியிருக்கிறார். கற்றுக்கொடுத்த நாட்டிலிருந்து வந்தவர் சொன்னது என்பதால் அதற்கு எடை அதிகம்.

பக்கத்தில் போய்ப் பார்த்தால் மெருகுக்கு அடியில் கொக்குகளும் மேகங்களும் தெரியும். அவை தூரிகையால் வரைந்தவை இல்லை. ஈரம் முழுக்கக் காயாத களிமண்ணில் உருவத்தைச் செதுக்கி, பள்ளத்தில் வெள்ளை மண்ணையும் செம்மண்ணையும் நிரப்பி, மேலே வழிந்ததைச் சுரண்டி எடுத்து, ஒரு முறை சுட்டு, மெருகு பூசி மறுபடி சுடுவார்கள். செம்மண் கறுப்பாகிவிடும். கொக்கின் கால் எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள், அந்தக் கோடு செதுக்கி நிரப்பிய கோடு என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

இன்னொன்று நிலவு ஜாடி. ஜோசன் அரசு (1392–1910) காலத்தில், 17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18-ஆம் நூற்றாண்டிலும் செய்த பெரிய வெள்ளை ஜாடிகள். படமோ பூவோ எதுவும் கிடையாது. நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் உயரம் வரும் இந்த உருண்டையை அந்த மென்மையான வெள்ளை மண்ணில் ஒரே இழுப்பில் சக்கரத்தில் எழுப்ப முடியாது, பாதியிலேயே உட்கார்ந்துவிடும். அதனால் இரண்டு பெரிய கிண்ணங்களைச் செய்து வாயோடு வாய் வைத்து ஒட்டினார்கள். சூளையில் மண் கொஞ்சம் தளர்ந்து, ஒட்டிய இடுப்பு சற்றே கோணும். எந்த நிலவு ஜாடியும் சரியான வட்டமாக இருக்காது, பக்கம் மாறி நின்றால் வேறு ஜாடியாகத் தெரியும். எனக்குக் கொரியாவின் பொருள்கள் எல்லாவற்றிலும் மனதுக்கு நெருக்கமானது இதுதான், தயங்காமல் சொல்வேன்.

அப்புறம் ஒன்று. ஜாடி எப்படிச் செய்தார்கள் என்பதோடு நிறுத்தாமல், இங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று கேளுங்கள். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு நிலவு ஜாடி இருக்கிறது. ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச் 1935-இல் சியோலில் வாங்கியது. போர்க்காலத்தில் அதைச் சக குயவர் லூசி ரீயிடம் கொடுத்தார், 1995-இல் அவர் இறக்கும் வரை அவருடைய பட்டறையிலேயே இருந்தது, 1999-இல் அருங்காட்சியகம் வாங்கியது. ஜப்பானில் ஒசாகாவின் கீழைநாட்டுப் பீங்கான் அருங்காட்சியகத்தில் உள்ள ஜாடியின் கதை இன்னும் கடினமானது. நாரா நகரின் தோதாய்ஜி கோயில் வளாகத்தில் இருந்தபோது 1995-இல் ஒரு திருடன் தூக்கிக்கொண்டு ஓடினான், துரத்தியதும் தரையில் போட்டு உடைத்துவிட்டான். முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகள். தூள் முதற்கொண்டு பொறுக்கியெடுத்துச் சேர்த்து ஒட்டினார்கள், இன்று அது மறுபடியும் காட்சியில் நிற்கிறது. உடையாத ஜாடிகளைவிட அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

நுழைவுக் கட்டணம் எவ்வளவு? படம் எடுக்கலாமா?

சியோல் தேசிய அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் வாங்குவதில்லை, சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் சீட்டு. இந்த ஏற்பாட்டை மாற்றலாமா என்ற பேச்சு அங்கே நடக்கிறது, ஆகவே கிளம்பும் முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கலாம், ஃபிளாஷும் முக்காலியும் கூடாது. மெட்ரோவில் இச்சோன் நிலையத்தில் இறங்க வேண்டும். 2025-இல் கொரியப் பின்னணியில் வந்த ஓர் அனிமேஷன் படத்துக்குப் பிறகு கூட்டம் அள்ளுகிறது, அந்த வருடம் பார்வையாளர் எண்ணிக்கை முதல் முறையாக 50 லட்சத்தைத் தாண்டியது. வார இறுதியைத் தவிர்த்தால் நிம்மதியாகப் பார்க்கலாம்.

சில்லா என்ற பழைய கொரிய அரசின் தங்கக் கிரீடங்களை அரசர்கள் உண்மையிலேயே தலையில் வைத்துக்கொண்டார்களா? பார்த்தால் காகிதம் போல ஆடுகிறதே.

ஆய்வாளர்களே இதில் இரண்டு பக்கம் நிற்கிறார்கள். விழாக்களில் அணிந்தது என்று ஒரு கட்சி, சவ அடக்கத்துக்கென்றே செய்தது என்று இன்னொரு கட்சி. தகடு மெல்லியது, தொங்கும் தங்க இலைகளும் வளைந்த பச்சைக் கற்களும் சேர்ந்தால் நடக்கும்போது நிலைக்காது. சில கல்லறைகளில் கிரீடம் நெற்றியில் இல்லாமல் முகத்தை மூடியபடி கிடந்திருக்கிறது. எனக்கு இரண்டாவது கட்சி சொல்வதுதான் பொருத்தமாகப் படுகிறது.

ஆனால் "அரசர்கள்" என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சியோல் அருங்காட்சியகத்தில் நீங்கள் பார்க்கும் புகழ்பெற்ற தங்கக் கிரீடம் சில்லாவின் தலைநகரான கியோங்ஜுவின் ஹ்வாங்னம் பெருங்கல்லறையின் வடக்கு மேட்டில் கிடைத்தது. அது ஒட்டிப் பிறந்த இரண்டு மேடுகள் கொண்ட கல்லறை, தெற்கில் ஆண், வடக்கில் பெண். தங்கக் கிரீடம் பெண்ணுக்கு வைத்தது! இன்னொரு கல்லறையின் கிரீடம் மிகச் சிறியது, வயதில் சிறிய ஒரு இளவரசனுடையதாக இருக்கலாம் என்கிறார்கள். கிரீடம் என்றால் சிம்மாசனத்தில் உட்கார்ந்த ஆண் என்ற நம் பழக்கமான படம் அங்கே செல்லாது.

இவ்வளவு தங்கம் 1,500 வருடம் திருடு போகாமல் இருந்ததற்குக் காரணம் கல்லறை கட்டிய விதம். மரத்தால் ஓர் அறை செய்து, அதற்குள் பெட்டியும் பொருள்களும் வைத்து, மேலே லாரி லாரியாகக் கொட்டினாற்போல் ஆற்றுக் கற்களைக் குவித்து, களிமண்ணால் மூடி, அதற்கும் மேலே மண்மேடு எழுப்பினார்கள். உள்ளே போக வழியே வைக்கவில்லை. மரம் மக்கியதும் கற்கள் சரிந்து அறையை நிரப்பிவிட்டன. தோண்டிப் போகிறவன் மேல் கல் சரியும். சில்லாவின் அண்டை அரசான பெக்ஜேயின் கல்லறைகளில் கல்லிலும் செங்கல்லிலும் வழிப்பாதையே இருந்தது, அதனால் பெரும்பாலும் பழங்காலத்திலேயே காலியாகிவிட்டன. தப்பியது கோங்ஜுவில் உள்ள முர்யோங் அரசர் (இறப்பு 523) கல்லறை. 1971-இல் பக்கத்துக் கல்லறைகளுக்கு வடிகால் வெட்டியபோது தற்செயலாகத் தட்டுப்பட்டது. கூட்டமும் நிருபர்களும் நெருக்க, பல மாதம் செய்ய வேண்டிய அகழாய்வை ஒரே இரவில் முடித்துவிட்டார்கள். எந்தப் பொருள் எந்த இடத்தில் கிடந்தது என்ற தகவல் எவ்வளவோ போய்விட்டது. கொரிய அகழாய்வாளர்கள் இன்றைக்கும் வருத்தத்தோடு பேசுகிற இரவு அது.

சில்லாவின் முதல் தங்கக் கிரீடம் வெளிவந்ததும் தற்செயல்தான். 1921-இல் கியோங்ஜுவில் வீடு ஒன்றை விரிவாக்க மண் வெட்டியபோது கிடைத்தது. இதுவரை கிடைத்துள்ள தங்கக் கிரீடங்கள் ஆறு, அந்த ஆறையும் ஒன்றாக 2025-இல் கியோங்ஜு தேசிய அருங்காட்சியகத்தில் முதல் முறையாக வைத்தார்கள்.

கொரிய அரசி ஹோ ஹ்வாங்-ஓக் தமிழச்சி என்று சமூக வலைத்தளங்களில் வருகிறதே, அருங்காட்சியகத்தில் அதற்கு ஆதாரம் உண்டா?

நேரடியான ஆதாரம் இல்லை. கயா நாட்டின் சூரோ அரசரை மணக்க, 48-ஆம் ஆண்டில் "அயுதா" என்ற நாட்டிலிருந்து ஓர் இளவரசி கப்பலில் வந்தாள் என்று சொல்வது சம்குக் யூசா என்ற நூல். அதைத் தொகுத்தவர் இர்யோன் என்ற பௌத்தத் துறவி, காலம் 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் எழுதிய காலத்துக்கும் நடுவில் 1,200 வருடம். அயுதா அயோத்திதான் என்று சொல்லி அங்கே நினைவிடமே வைத்தாகிவிட்டது, அது தமிழ்நாட்டில்தான் என்று நம் பக்கத்தில் சொல்கிறார்கள், இரண்டையும் உறுதிசெய்ய ஒரு கல்வெட்டுகூடக் கிடையாது. அரசியின் கல்லறை என்று வணங்கும் இடமும் அவள் கப்பலில் கொண்டுவந்ததாகச் சொல்லும் கல் கோபுரமும் கிம்ஹே நகரில் இருக்கின்றன, பார்க்க வேண்டிய இடங்கள்தான்.

ஆனால் கடல்வழித் தொடர்பு இல்லை என்று அர்த்தம் இல்லை. கயா கல்லறைகளிலும் முர்யோங் அரசர் கல்லறையிலும் சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள் கிடைத்தன. தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் செய்து கடல் வழியாகப் பரவியவை என்று ஆய்வாளர்கள் கருதும் இந்தோ-பசிபிக் மணிகள் அவற்றில் உண்டு. அந்த வகை மணிகள் தொடக்ககாலத்தில் தயாரான முக்கியமான இடங்களில் ஒன்று நம் அரிக்கமேடு. மணிகள் கைமாறிக் கைமாறிப் போயிருக்கும், தமிழர்தான் நேரில் கொண்டுபோனார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த ஆரஞ்சு, நீல மணிகளைப் பார்க்கும்போது எனக்கு இளவரசி கதையைவிட அதிகமாகச் சிலிர்க்கிறது. கிம்ஹே தேசிய அருங்காட்சியகம் போனால் கிரீடம் தேடாதீர்கள், மணிகளையும் கயாவின் இரும்பையும் பாருங்கள்.

பழைய பொருள்களைத் திருப்பிக் கேட்பதில் கொரியர்கள் ஏன் இவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறார்கள்? எங்கே இருந்தாலும் பத்திரமாக இருந்தால் போதாதா?

பத்திரம் என்பது பாதிக் கேள்விதான். மூன்று பொருள்களைச் சொல்கிறேன், மூன்றுக்கும் நியாயம் வேறு வேறு.

சியோல் தேசிய அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து நேரே நடந்தால் கூடத்தின் முடிவில் 13 மீட்டர் உயரப் பளிங்குக் கோபுரம் நிற்கும். 1348-இல் கேசோங்குக்கு அருகே கியோங்சோன்சா கோயிலுக்காகச் செய்த பத்து நிலைக் கோபுரம். 1907-இல் ஜப்பானிய அமைச்சர் தனாகா மித்சுஅகி ஆள் வைத்துக் கழற்றி ஜப்பானுக்கு ஏற்றிக்கொண்டு போனார். ஊர்க்காரர்கள் தடுத்தும் நடக்கவில்லை. சியோலில் பத்திரிகை நடத்திய ஆங்கிலேயர் எர்னெஸ்ட் பெத்தெலும் அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட்டும் விடாமல் எழுதி உலகத்துக்குத் தெரியப்படுத்தினார்கள். 1918-இல் கோபுரம் திரும்பியது. திரும்பிய பிறகும் பல பத்தாண்டுகள் துண்டு துண்டாகக் கிடந்து, வெளியே நின்று மழையில் அரித்து, பழுது பார்த்து 2005-இல் இந்தக் கட்டடத்துக்குள் வந்தது. இது பச்சையான கொள்ளை, இதில் வாதாட ஒன்றுமில்லை.

அடுத்து உய்க்வே. அரச திருமணம், அடக்கம், விருந்து இவையெல்லாம் எப்படி நடந்தன, எத்தனை பேர், என்ன உடை, எவ்வளவு செலவு என்று படத்தோடு பதிந்த அரண்மனை ஏடுகள். 1866-இல் பிரெஞ்சுக் கடற்படை காங்ஹ்வா தீவிலிருந்த அரச நூலகத்தை எரித்துவிட்டு, நல்லவற்றை மட்டும் எடுத்துப்போனது. பாரிஸில் அவை இருப்பதே வெளியே தெரியாமல் கிடந்தன. அங்கே தேசிய நூலகத்தில் வேலை பார்த்த பாக் பியோங்-சோன் என்ற கொரியப் பெண்மணி 1975-இல் கண்டுபிடித்துச் சொன்னார், அதன் பலனாக அந்த வேலையையே இழந்தார், அதற்குப் பிறகும் தினமும் வாசகராகப் போய் உட்கார்ந்து அந்த ஏடுகளை ஆராய்ந்தார். 297 ஏடுகள் 2011-இல் சியோலுக்கு வந்தன, அவர் அதைப் பார்த்துவிட்டு அதே வருடம் நவம்பரில் இறந்தார். சட்டப்படி இன்றும் அவை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிற இரவல்தான். தன் வீட்டில் திருடு போனதை இரவலாக வாங்கி வைத்திருக்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2024 முதல் இவற்றுக்கென்று தனி அறை இருக்கிறது, கட்டாயம் போங்கள். அரசர் பார்ப்பதற்கென்று செய்த பிரதியின் தாளும் பட்டு அட்டையும் நேற்றுச் செய்தது போல இருக்கும்.

மூன்றாவதுதான் சிக்கல். ஜிக்ஜி என்ற பௌத்த நூல், 1377-இல் சோங்ஜுவின் ஹுங்தோக்சா கோயிலில் உலோக எழுத்துகளைக் கோத்து அச்சிட்டது. இன்று கிடைப்பவற்றில் உலோக அச்செழுத்தில் அச்சான மிகப் பழைய புத்தகம் இதுதான், கூட்டன்பர்க் பைபிளுக்கு எழுபது வருடத்துக்கு மேல் மூத்தது. பிரெஞ்சுத் தூதர் கொலேன் து பிளான்சி கொரியாவில் இருந்தபோது பணம் கொடுத்துச் சேகரித்தவற்றில் ஒன்று, பிறகு ஏலத்தில் கைமாறி 1950-இல் பிரெஞ்சுத் தேசிய நூலகத்துக்கு அன்பளிப்பாகப் போனது. கொள்ளை இல்லை என்பதால் பிரான்ஸ் கொடுக்காது, கேட்க கொரியாவிடம் சட்டமும் இல்லை. என் கருத்தைக் கேட்டால், உரிமையை விடுங்கள், சோங்ஜு மக்கள் தங்கள் ஊரில் அச்சான புத்தகத்தைத் தங்கள் ஊரில் சில மாதமாவது பார்க்க வழி செய்ய வேண்டும். 2023-இல் பாரிஸில்கூட ஐம்பது வருடத்துக்குப் பிறகுதான் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

எட்டு வயது மகளோடு போகிறோம். அவளுக்குப் பிடிக்கிற மாதிரி ஏதாவது?

நிறைய. செலடன் அறையில் ஒரு தூபக்கால் இருக்கிறது, ஒரு சாண் உயரம்கூட இல்லை. மேலே வலைப்பின்னல் உருண்டை, நடுவில் தாமரை இதழ்கள், அடியில் மொத்த எடையையும் மூன்று குட்டி முயல்கள் தாங்கிக்கொண்டிருக்கும். முயல் எங்கே என்று மட்டும் கேளுங்கள், அவளே கண்டுபிடிப்பாள்.

அப்புறம் கிம் ஹோங்-தோ வரைந்த மக்கள் வாழ்க்கைப் படங்கள். 18-ஆம் நூற்றாண்டு ஓவியர், அரண்மனைக்கு வேலை செய்தவர், ஆனால் இந்தப் படங்களில் ஓர் அரசர்கூட இல்லை. மல்யுத்தப் படத்தில் நடுவில் இருவர் கட்டிப்பிடித்து மல்லுக்கட்ட, சுற்றி எல்லாரும் அவர்களையே பார்க்க, மிட்டாய்த் தட்டைக் கழுத்தில் மாட்டிய பையன் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பான். வலது கீழ் மூலையில் உட்கார்ந்திருப்பவரின் கைகளைப் பார்க்கச் சொல்லுங்கள், இடது கையும் வலது கையும் இடம் மாறியிருக்கும். வேண்டுமென்றே செய்தாரா தவறிவிட்டதா என்று பெரியவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் படத்தில் ஒரு பையன் ஆசிரியருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பான், மற்ற பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் இருப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை. தாளிலும் பட்டிலும் உள்ள ஓவியங்கள் வெளிச்சத்தில் மங்கிவிடும் என்பதால் சில மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவார்கள். நீங்கள் போகும் நாளில் இந்தப் படங்கள் கிடங்கில் தூங்கிக்கொண்டிருக்கலாம். குழந்தைக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், முயல்களை மட்டும் சொல்லி வையுங்கள்.

"சிந்தனை அறை" என்று ஒன்று இருக்கிறதாமே, போகலாமா?

போகாமல் வராதீர்கள். சியோல் தேசிய அருங்காட்சியகத்தில் 2021 நவம்பரில் திறந்தார்கள். மங்கிய வெளிச்சம், மண் பூசிய சுவர், நடுவில் இரண்டே இரண்டு போதிசத்துவர் சிலைகள். ஒரு காலைத் தூக்கி மற்றொரு முழங்கால் மேல் வைத்து, விரல் நுனிகளைக் கன்னத்தருகே வைத்து யோசிக்கும் உருவம். இந்த இருக்கை இந்தியாவில் தொடங்கி சீனா வழியாகக் கொரியாவுக்குப் போய் அங்கிருந்து ஜப்பானுக்குப் போனது. ஒன்று 6-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, மற்றது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி, இரண்டும் தங்க முலாம் பூசிய வெண்கலம். முன்னால் நின்று பார்த்தால் போதாது, பின்பக்கம் போய் முதுகைப் பாருங்கள். உட்கார்ந்து யோசிக்கிற ஒருவரின் முதுகு எப்படிக் கொஞ்சம் முன்னால் சாயும் என்பதை அந்தச் சிற்பி பார்த்து வைத்திருக்கிறார். அங்கே விளக்கப் பலகைகள் அதிகம் இல்லை, அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

சியோலைத் தவிர ஒரே ஒரு நாள் இருக்கிறது. கியோங்ஜுவா, புயோவா?

முதல் பயணம் என்றால் கியோங்ஜு. அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம், ஊருக்கு நடுவிலேயே புல் மூடிய கல்லறை மேடுகள், அருங்காட்சியகம் பக்கத்தில்.

ஆனால் ஒரே ஒரு பொருளுக்காக ஒரு நாளைச் செலவழிக்கத் தயார் என்றால் புயோ. பெக்ஜேயின் பொன்முலாம் பூசிய தூபக்கால் அங்கேதான் இருக்கிறது, உயரம் 61.8 சென்டிமீட்டர். அடியில் ஒரு டிராகன் தலையைத் தூக்கித் தாங்க, நடுவில் தாமரை மொட்டு, மூடியில் மலைமேல் மலை, மலைகளுக்குள் யானையிலிருந்து மனிதர்கள் வரை, ஐந்து இசைக்கலைஞர்கள், உச்சியில் சிறகு விரித்த பறவை. புகை அந்தப் பறவையின் மார்பிலிருந்தும் மலை இடுக்குகளிலிருந்தும் வருகிற மாதிரி துளை வைத்திருக்கிறார்கள். 1993 டிசம்பரில் கல்லறைகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு வண்டி நிறுத்துமிடம் கட்டும் முன் தோண்டிப் பார்த்தபோது, பழைய கோயில் பட்டறையின் தண்ணீர்க் குழியில் சேற்றுக்குள் கிடந்தது. 660-இல் பெக்ஜே வீழ்ந்தபோது எதிரி கையில் சிக்கக் கூடாது என்று யாரோ அவசரமாக ஒளித்து வைத்தது என்பது ஆய்வாளர்களின் ஊகம். காற்றுப் புகாத சேறு என்பதால் 1,300 வருடத்துக்குப் பிறகும் பொன் மின்னியது. சியோலிலிருந்து புயோவுக்குப் பேருந்து உண்டு, அதுவும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான். காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.